காலுக்கு ஒரு விளக்கு

பொன்னுத்துரை தன்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னபோதுதான், அந்த வேலையை எடுத்துக்கொள்வது என்று சடையாண்டி முடிவு செய்தான்.

"பழசயெல்லாம் நான் மறந்துட்டேன்ப்பா" என்றார் அவர். நூர் அகமதுவின் பேட்டரிக் கடை வாசலில், தன் பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "கைத்தப்பு எவனுக்கும் வாரதுதான். வேல தெரிஞ்சவன ஒதுக்கி வச்சு என்ன ஆகப்போகுது?"

"சரிங்க முதலாளி" என்றான் சடையாண்டி. அதற்கு மேல் வாயைத் திறந்தால் ஆறு வருஷமும் வெளியே வந்துவிடும்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் இதே வண்டிதான் சோலைமலையைக் கொன்றது. சோலைமலை சடையாண்டியின் மச்சினன். சடையாண்டியின் மனைவி ராமுத்தாய்க்கு ஒரே தம்பி. பொன்னுத்துரையின் புகையிலைக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினான். அன்று காலை கிட்டங்கிக் கதவைத் திறந்துவிட்டு அவன் ஒதுங்குவதற்குள், பொன்னுத்துரை ஓட்டிவந்த வண்டி அவனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. இறங்கியவர் சொன்ன முதல் வார்த்தை, "மிதிச்சேன்யா! பிரேக் புடிக்கல!" என்பதுதான். முந்தின வாரம் அந்த வண்டியின் பிரேக் கம்பிகளை முறுக்கிக் கொடுத்தவன் சடையாண்டி. போலீஸ் அதை எழுதிக்கொண்டது. ஊரும் அதையே நம்பியது. அவன் பட்டறைக்கு வண்டி வருவது நின்றது. பிழைப்புக்கு நூர் அகமதுவின் பேட்டரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். எழவு முடிந்த கையோடு ராமுத்தாய் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மறு மாதமே பொன்னுத்துரையின் கிட்டங்கியில் புகையிலை கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை கொடுத்த புண்ணியவான் என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

சடையாண்டிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அந்த ஆள் பிரேக்கை மிதிக்கவே இல்லை. அது நாலு பேர் முன்னால், மறுக்க முடியாதபடி, ராமுத்தாயின் காதில் விழ வேண்டும்.

மிதிக்கவில்லை என்பது அவனுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். கொடைரோட்டிலிருந்து ஒருவர் தன் பழைய காரைப் பேட்டரி மாற்றக் கொண்டுவந்திருந்தார். அதை ஓரமாக நிறுத்தலாம் என்று ஏறிய சடையாண்டி பிரேக்கென்று நினைத்து மிதிக்க, கார் சீறிக்கொண்டு போய்க் கடைப் பலகையில் முட்டியது. குனிந்து பார்த்தான். ஆக்ஸிலேட்டர் நடுவில் இருந்தது. பிரேக் வலது ஓரத்தில். அந்தக் காலத்துக் கார்களில் சிலது அப்படி. பிக்கப் வாங்குவதற்கு முன்னால் பதினோரு வருஷம் பொன்னுத்துரை ஓட்டியதும் அப்படிப்பட்ட கார்தான். பிக்கப்பிலோ வலது ஓரத்தில் இருப்பது ஆக்ஸிலேட்டர். பதறிய நேரத்தில் கால் பழகிய இடத்துக்குப் போயிருக்கிறது.

அன்றைக்கே ராமுத்தாயிடம் ஓடினான். அவள் பாதியிலேயே, "செத்தவன் மேல ஏறி நின்னு பொய் சொல்லாத" என்று கதவைச் சாத்தினாள்.

இப்போது வண்டி அவன் கைக்கே வந்திருக்கிறது. கம்பி பிரேக்கை இனிமேல் பாஸ் பண்ண முடியாது, ஆயில் பிரேக் போட்டுக் கொண்டுவா என்று, வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டாராம். திண்டுக்கல்லில் அந்த வேலையைச் செய்து காட்டியவன் சடையாண்டி ஒருவன்தான். அய்யலூர் ஆட்டு வியாபாரி ஒருவரின் வேனுக்கு அவன் போட்ட ஆயில் பிரேக் ஒரு வருஷமாகச் சிணுங்காமல் ஓடுகிறது.

பன்னிரண்டு நாள் வேலை பார்த்தான். யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரன் ஏலம் விட்ட லாரி ஒன்றிலிருந்து நாலு சக்கரத்து டிரம், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் மதுரையில் பொறுக்கி வந்தான். பழைய கம்பிகளைக் கழற்றி எறிந்தான். கைப்பிரேக்கின் கம்பியை மட்டும் விட்டுவைத்தான். மாஸ்டர் சிலிண்டரைத் தாங்க இரும்புப் பட்டையை வளைத்துத் துளை போட்டுச் சட்டத்தில் முடுக்கினான். குழாய்களின் நுனியை விரித்து ஒவ்வொன்றாகப் பூட்டினான். பிறகு நூர் அகமதுவை உள்ளே உட்கார வைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லி, தான் அடியில் படுத்து, சக்கரம் சக்கரமாகக் காற்றை வெளியேற்றினான். ஆயில் குமிழி விடாமல் ஒரே கயிறாக வரும்வரை விடவில்லை. எதிரியின் வண்டியில் ஒரு சொட்டுக் கசிவு இருக்கக் கூடாது. இருந்தால் அவருக்கு மறுபடியும் ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

கடைசியாகப் பின்விளக்கு. அதில்தான் நூர் அகமதுவுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏலே, பிரேக் லைட்டுக்கு ஒரு சுவிட்சு போதாதா? ரெண்டு கேக்குற?"

"ரெண்டு வேணும் பாய். ஒண்ணு பெடலுக்கு அடியில. கால் பட்டா எடது லைட்டு எரியும். இன்னொண்ணு ஆயில் குழாயில. ஆயில்ல அழுத்தம் ஏறுனா வலது லைட்டு எரியும்."

"ரெண்டும் ஒண்ணாத்தான எரியப்போகுது?"

"பிரேக் நல்லாருந்தா ரெண்டும் எரியும். மிதிச்சும் பிரேக் கேக்கலன்னா எடது மட்டும் எரியும்."

"ரெண்டும் எரியலன்னா?"

"மிதிக்கலன்னு அர்த்தம்."

நூர் அகமது கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். சடையாண்டி மிச்சத்தையும் சொன்னான். சோதனை நடக்கும் தாடிக்கொம்பு ரோட்டுப் பொட்டலில் ஒரு குட்டிச்சுவர் இருக்கிறது. மூன்றாவது ஓட்டத்தில், பொன்னுத்துரை பதறும்படி, நூர் அகமது அதன் பின்னாலிருந்து ஒரு காலித் தார்ப் பீப்பாயை வண்டிக்கு முன்னால் உருட்டிவிட வேண்டும்.

"யாரையாச்சும் அடிச்சிட்டா?"

"நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். சாவிய அணைச்சுக் கைப்பிரேக்க இழுத்துட்டா நின்னுரும். பீப்பாய்க்கு என்ன உசுரா இருக்கு?"

"ஒனக்குக் கிறுக்கு முத்திப்போச்சுடா" என்றார் நூர் அகமது. ஆனால் பீப்பாய் எங்கே கிடைக்கும் என்றும் அவரே சொன்னார்.

சோதனை நாளன்று பொன்னுத்துரை வண்டிக்குச் சந்தனம் தடவி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார். கிட்டங்கிப் பெண்கள் பத்துப் பேரைச் சுண்டல் கொடுக்கக் கூட்டி வந்திருந்தார். ராமுத்தாயும் வந்திருந்தாள். சடையாண்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொட்டலின் மறுகோடியில், வேப்பமர நிழலில், பெண்கள் போய் நின்றார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் கிளம்பும் இடத்தில், வண்டிக்குப் பின்னால் நின்றார். விசில் ஊதினால் வண்டி நிற்க வேண்டும், அதுதான் அவர் முறை. சடையாண்டி இரண்டு விளக்கின் கணக்கையும் அவருக்கு விளக்கினான். அவர் பெடலை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது புதுசாருக்கே. நல்ல யோசனை" என்றார்.

"டிரைவர் ஓட்டட்டும்" என்றார் பொன்னுத்துரை. "நான் ஸ்டீரிங்கத் தொட்டே ஆறு வருஷமாச்சு."

"ஒங்க வண்டி முதலாளி. மொத ஓட்டம் நீங்க ஓட்டுனாத்தான அழகு? அம்புட்டுப் பொம்பளைகளும் பாக்க வந்திருக்கு" என்றான் சடையாண்டி.

"பயமா இருந்தா வேணாம் சார்" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். அதற்குப் பிறகு பொன்னுத்துரை பின்வாங்கவே மாட்டார் என்று சடையாண்டிக்குத் தெரியும்.

முதல் ஓட்டத்தில் விசில் ஊதியதும் வண்டி நூல் பிடித்தாற்போல நின்றது. "ரெண்டும் எரியுது!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இரண்டாவது ஓட்டத்திலும் அப்படியே. நிதானமாக இருக்கும்போது அவர் கால் சரியான இடத்துக்குத்தான் போனது. பொன்னுத்துரைக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஒன் கை தங்கம்டா. அன்னைக்கும் இப்படிப் பாத்திருந்தா அந்தப் பய உசுரோட இருந்திருப்பான்" என்றார்.

சடையாண்டி இடது கையால் கைப்பிரேக்கைத் தொட்டுக்கொண்டான். வலது கையைச் சாவியின் மேல் வைத்தான்.

மூன்றாவது ஓட்டம். வண்டி வேகம் பிடித்துக் குட்டிச்சுவரை நெருங்கியபோது பீப்பாய் கடகடவென்று உருண்டு குறுக்கே வந்தது. பொன்னுத்துரை "ஆத்தே!" என்று கத்திக்கொண்டு ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்தார். காலை ஓங்கி மிதித்தார். என்ஜின் அலறியது. சடையாண்டி குனிந்து பார்த்தான். அவர் செருப்பு வலது ஓரப் பெடலின் மேல், அதைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி வேப்பமரத்தை நோக்கிப் பாய்ந்தது. பெண்கள் அலறிச் சிதறினார்கள். ஒருத்தி மட்டும் கால் ஓடாமல் நின்றாள். அவள் ராமுத்தாய்.

சாவியைத் திருப்பினான். கைப்பிரேக்கை இழுத்தான். வண்டி இழுத்துக்கொண்டு போய் நின்றது. அவளுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலடி இருந்தது.

பொன்னுத்துரை கதவைத் திறந்து கீழே விழாத குறையாக இறங்கினார். "மிதிச்சேன்யா! பிரேக் புடிக்கல! மறுபடியும் ஏமாத்திட்டான்யா இந்தப் பய!"

அதே வார்த்தைகள். சடையாண்டிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "எதை மிதிச்சீங்க?"

"பிரேக்கத்தான்!"

"ரெண்டு லைட்டுல ஒண்ணுகூட எரியலையே. காலே படல." அவரே ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுத்து, இருபதடி போய் மிதித்தார். மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றது. பின்னால் இரண்டும் சிவப்பாக எரிந்தன. மூன்று முறை அப்படிச் செய்து காட்டினார். "வண்டியில குத்தமில்ல. நீங்க ஆக்ஸிலேட்டர மிதிச்சிருக்கீங்க."

"முன்னால வச்சிருந்த கார்ல பிரேக் எந்தப் பக்கம் முதலாளி?" என்று கேட்டான் சடையாண்டி. "பொம்பளைகளுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

பொன்னுத்துரை குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலோ போலப் பார்த்தார். "வலது பக்கம்" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா நான் மிதிச்சேன்ப்பா... சத்தியமா பிரேக்கத்தான் மிதிச்சேன்னு..." என்றவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சடையாண்டிக்கு அது பிடிக்கவில்லை. ஆறு வருஷமாக ஒரு பொய்யனை வெறுத்துக்கொண்டிருந்தான். இந்த ஆள் பொய் சொல்லவில்லை, தெரியாமலேயே இருந்திருக்கிறார். அதற்காக மனசு இளகவும் இல்லை. தெரியாமல் கொன்றவனுக்கு மன்னிக்க மட்டும் தெரிந்ததே. கிடக்கட்டும் என்று நின்றான்.

பெண்களுக்குள் பேச்சு எழுந்தது. "அப்ப சோலைமலைய..." என்று ஒருத்தி ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் ராமுத்தாயைப் பார்த்தார்கள். அவள் பொன்னுத்துரையைத் தாண்டி வந்தாள். அவரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேராகச் சடையாண்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"எந்தம்பி சாவுக்கு நீ காரணமில்ல. ஒத்துக்கிடுறேன்" என்றாள். "நாந்தான் ஒன்னயக் கதவுக்கு வெளிய நிறுத்திட்டேன்."

இதைக் கேட்கத்தான் அவன் அத்தனையும் செய்தான். "சரி" என்றான். "வீட்டுக்குப் போவமா?"

"ஒண்ணு கேக்குறேன், சொல்லு." அவள் குரல் ஏறவில்லை. "வண்டி என்னயப் பாத்து வரும்போது கண்ணாடி வழியா ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ஒங் கை சாவி மேல இருந்துச்சு. அந்தாளு கால் எங்க கெடக்குன்னும் குனிஞ்சு பாத்துட்ட. நிமுந்து என்னயவும் பாத்த. அதுக்கப்புறமும் செத்த நேரம் கைய அப்படியே வச்சிருந்த. எதுக்கு?"

"லைட்டு எரியுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"உள்ள உக்காந்திருக்கவனுக்குப் பின்னால எரியிற லைட்டு தெரியுமாய்யா?"

தெரியாது. சடையாண்டி தன் வலது கையைப் பார்த்தான், வேறு யாருடைய கையோ போல. அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, மற்ற பெண்களோடு சேராமல், ரோட்டைப் பார்த்துத் தனியாக நடந்தாள்.