இருக்கைக்கு வேறு காசு

களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு எதிரே இருக்கிற டிக்கெட் கடையின் கண்ணாடியில் "திருச்சி 19,500" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தது. நல்லரத்தினம் மூன்று நாள் வெளியில் நின்று பார்த்துவிட்டு நாலாம் நாள்தான் உள்ளே காலை வைத்தார். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். இலக்கம் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. அது தெரியாதவன் ஆற்றில் மீன் பிடித்து விற்க முடியாது.

மடியில் இரண்டு கன்று விற்ற காசு இருந்தது. தங்கச்சி ஆச்சிப்பிள்ளை தொண்ணூறாம் ஆண்டு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவள். இப்போது திருச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு படுக்கையில் கிடக்கிறாள். அவள் சாகமுதல் ஒருதரம் முகத்தைப் பார்க்கவேண்டும். விசாவும் வந்துவிட்டது. டிக்கெட்தான் மிச்சம்.

கணினிக்கு முன்னால் இருந்த பிள்ளையின் பெயர் சப்னா.

"பெட்டி கொண்டு போறீங்களா ஐயா?"

"வெறுங்கையோடயா போற? அரிசி, கருவாடு எல்லாம் கிடக்கு."

"பெட்டிக்குப் பதினோராயிரம் வேற."

"ஆளுக்குப் பத்தொன்பதரை, கருவாட்டுக்குப் பதினொண்டா? கருவாடு என்ன, தனி சீட்டிலயா இருந்து வரப் போகுது?"

"கையில ஏழு கிலோ சும்மா கொண்டு போகலாம். சீட் எது போடட்டும்? யன்னல் பக்கமெண்டா ரெண்டாயிரத்து நானூறு."

"சீட்டுக்கும் காசா? அப்ப பத்தொன்பதரைக்கு நிண்டுகொண்டா போற?"

சப்னா சிரித்தாள். "நிக்க விடமாட்டாங்க ஐயா. காசு கட்டாட்டி அவங்க தாற இடத்தில இருக்கணும்."

"தாற இடத்தில இருப்பன். நான் என்ன மாப்பிள்ளையா, இடம் பார்த்து இருக்க?"

சாப்பாட்டுக்கு ஆயிரத்தெண்ணூறு. வேண்டாம் என்றார். கடைசியாக ஒன்று வந்தது.

"மூவாயிரம் கட்டினா மறுகா திகதிய மாத்தலாம். இதையாவது கட்டி வைங்க. இல்லாட்டி மாத்திறத்துக்கு டிக்கெட்ட விடக் கூடப் போகும்."

"ஏன் மாத்திற? செத்தாத்தான் மாத்துவன். அப்ப காசு கட்டத் தேவையில்ல." அவர் மேசையில் தட்டினார். "கண்ணாடியில ஒரு கணக்கு, உள்ளுக்க ஒரு கணக்கு. நீங்களும் அவங்களும் பங்கு போடுறீங்க. எனக்குத் தெரியாதா?"

எல்லாவற்றையும் தள்ளிய பிறகும் இருபத்தோராயிரத்து நூறு வந்தது. கார்ட்டில் கட்டுகிற செலவாம். காசாகத்தானே தருகிறேன் என்று கத்திப் பார்த்தார். நான் கார்ட்டால்தானே கட்டவேண்டும் என்றாள் அவள். காசை எறிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தார்.

பயண நாளை அவர் சும்மா எடுக்கவில்லை. வைகாசியில் ஊர் அம்மன் கோயில் சடங்கு. முடிவு நாளில், பகல் பூசை முடிந்ததும், ஒவ்வொரு குடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தக் குடியில் ஒருவர் முன்னால் வந்து "இருக்கிறம்" என்று சொல்லி வெற்றிலையும் தேங்காயும் வாங்க வேண்டும். வைரப்போடி குடிக்கு ஊரில் எஞ்சியிருப்பது நல்லரத்தினம் ஒருவர்தான். இந்தப் பக்கத்தில் குடி தாய்வழி. அவருடைய மகன் நிதுர்ஷனுக்குச் செத்துப்போன தாயின் குடி, அவனும் டோஹாவில். தங்கச்சி பிள்ளைகள் இவருடைய குடிதான், ஆனால் அதுகள் இந்த ஊர் மண்ணை மிதித்ததில்லை. ஆகவே சடங்கு முடிந்து நாலாம் நாள் திங்கட்கிழமையாகப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டிருந்தார்.

சித்திரை கடைசியில் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் உதயரூபன் சைக்கிளில் வந்து வாசலில் காலை ஊன்றினான்.

"மாமா, பூசை செய்யிற கட்டாடியார் வீட்டில துடக்கு. தீட்டுக் கழியுமட்டும் சடங்கு தள்ளிப் போகுது."

"எத்தின நாள்?"

"நாலு நாள். திங்கட்கிழமை முடிவு."

நல்லரத்தினம் விரலை மடித்து எண்ணினார். இன்னொருதரம் எண்ணினார். விரலில் பிழை இல்லை.

மறுநாள் சப்னாவுக்கு முன்னால் போய் நின்றார். ஒரு நாள் தள்ளிப் போட்டால் போதும்.

"இருபத்திநாலாயிரம் ஐயா."

"டிக்கெட்டே பத்தொன்பதரை!"

"அண்டைக்குச் சொன்னன்தானே."

சொன்னாள். பொய் சொல்லியிருந்தால் நன்றாக ஏசிவிட்டு வந்திருக்கலாம். அவள் சொன்னது முழுவதும் உண்மையாக இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. விற்க இன்னொரு கன்றும் இல்லை. மகனிடம் கேட்கலாம். அவன் போன் எடுத்து ஒரு மாதமாகிறது. எடுக்கிறவனாக இருந்தால் முதலே கேட்டிருப்பார்.

பின்னேரம் திருச்சிக்குப் போன் போட்டார். தங்கச்சியின் மகள் போனை அவள் காதில் வைத்துப் பிடித்தாள்.

"சடங்கும் அதே நாள் வந்திட்டுது தங்கச்சி. என்ன செய்யிறதெண்டு தெரியல்ல. குடிக்கு ஆள் இல்ல."

அந்தப் பக்கம் மூச்சு இழுத்தது.

"நானும் அந்தக் குடிதானே அண்ணே," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "எனக்கு ஆர் வாற?"

போன் காசு முடிந்து அதுவாகவே அறுந்தது.

ஞாயிறு விடிய, ஏழு கிலோப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டினார். திறப்பைக் கொடுக்க ஆள் இல்லை, மடியில் செருகிக்கொண்டார். போகிற வழியில் கோயிலடியில் நின்றார். உதயரூபன் பந்தலுக்குத் தென்னோலை பின்னிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு என்ர குடியக் கூப்பிடாம விட்டிராத."

"ஆர் மாமா வாங்கிற? ஆளில்லாத குடியக் கூப்பிட்டா சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பேரச் சொல்லு. கொஞ்சம் நில்லு. மறுகா அடுத்த குடியக் கூப்பிடு. எத்தின மணிக்குக் கூப்பிடுவாய்?"

"பன்னெண்டரை ஆகும்."

"நேரத்துக்குக் கூப்பிடு."

மறுநாள் கொழும்பில் ஏறிய விமானத்துக்குள் அவருக்குக் கிடைத்தது நடு இருக்கை. யன்னல் பக்கம் காதில் எதையோ செருகிய ஒரு பொடியன். மறுபக்கம் தூங்கி விழுகிற ஒரு தடித்த மனிதர். கைபிடி இரண்டையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். நல்லரத்தினம் கையை மடியில் வைத்துக்கொண்டார். இடதுபக்கம் வானம், வலதுபக்கம் நடைபாதை, இரண்டும் மற்றவர்களுடையது. தண்ணீர் கேட்டார். அதற்கும் காசு. எச்சிலை விழுங்கினார்.

பொடியனின் கையைத் தட்டினார். "மணி என்ன தம்பி?"

"பன்னிரண்டு இருபத்தாறு."

நாலு நிமிடம். அவர் உள்ளுக்குள் எண்ணத் தொடங்கினார். கூட்டத்தில் ஆண்கள் ஒரு பக்கம் தள்ளி நிற்பார்கள். முதல் குடி போகும். இரண்டாம் குடி போகும். உதயரூபன் தொண்டையைச் செருமுவான். வைரப்போடி குடி. ஒருவரும் அசையமாட்டார்கள். யாராவது சிரிப்பார்கள். அவன் சொன்னபடி நிற்பானா, அல்லது அவசரப்பட்டுத் தாண்டிவிடுவானா? நிற்பான். நல்ல பொடியன். இப்போது நிற்கிறான்.

இருக்கையின் வாரைக் கழற்றத் தெரியாததால் நல்லரத்தினம் எழுந்து நிற்கவில்லை. முதுகை மட்டும் நிமிர்த்தினார்.

"இருக்கிறம்," என்றார்.

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பொடியன் காதிலிருந்ததை எடுத்தான். "என்கிட்டயா சொன்னீங்க ஐயா?"

"உன்னிட்ட இல்ல."

பொடியன் திரும்பவும் காதில் செருகிக்கொண்டான். நல்லரத்தினம் மடியில் இருந்த திறப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அவர்கள் தந்த இடத்தில் இருந்தார்.