கொக்கியில் மூன்றாவது பெயர்

அப்பா அந்தப் பேனாவைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவார். போட்டுவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு மறுக்க எனக்கு வாய் வராது.

கோரின் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரில், கல்லூரிச் சேர்க்கையைக் கவனிக்கும் மிஸஸ் ரிட்ஜ்வே கல்விக் கடனுக்கான நான்கு தாள்களை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். இரண்டில் கோரின் கையெழுத்திட வேண்டும், இரண்டில் ஜாமீனாக அப்பா. பக்கத்தில் அப்பா வால்ட் ஹூடக், தன்னிடமிருந்த ஒரே டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாப்பத்தெட்டாயிரம் டாலரா! நான் முப்பது வருஷம் ஓட்டின பனி வாருற வண்டிய வித்தாலும் இவ்ளோ வராது மேடம்."

"வண்டி டாக்டராகாதே சார்," என்றார் மிஸஸ் ரிட்ஜ்வே. இருவரும் சிரித்தார்கள்.

கோரினுக்கு இருபத்தேழு வயது. கல்லூரியில் வரலாறு படித்தவள். முதல் வருடம் வேதியியலில் டி கிரேடு வாங்கிவிட்டு, அந்தக் கட்டிடத்தின் பக்கமே தலைவைக்காமல் பட்டம் முடித்தவள். நான்கு வருடமாக ஈரி நகரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டாக்டர்களின் பின்னால் நின்று, அவர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்கிறாள். அவர்கள் சொல்வதற்கு முன்பே இப்போதெல்லாம் விரல் அந்தச் சொல்லுக்குப் போய்விடுகிறது. சொல்கிற இடத்தில் தானே நிற்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது. ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேதியியல், உயிரியல், இயற்பியல் எல்லாம் வேண்டும். வேறு ஏதோ படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அத்தனையையும் ஒரே வருடத்தில் கற்பித்து, கடைசியில் கல்லூரிக் குழுவே ஆதரவுக் கடிதமும் எழுதித் தரும் இடம் இது.

'நாங்கள் ஆதரித்து அனுப்பியவர்களில் நூற்றுக்கு நூறு பேருக்கு இடம்.' அப்பா அந்தத் துண்டுப் பிரசுரத்தைக் குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். போன வெள்ளிக்கிழமை சர்ச்சில் நடந்த மீன் விருந்தில் தட்டோடு மேசை மேசையாகப் போய், "நூத்துக்கு நூறுப்பா! லாட்டரில கூட அப்படிக் கிடையாது," என்று சொல்லிவிட்டும் வந்திருந்தார். 'ஆதரித்து' என்ற சொல்லில் அவர் கண் நிற்கவில்லை. கோரினின் கண்ணும்தான். இன்று காலையில் இங்குள்ள ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போகும்வரை.

அங்கே சுவரில் ஏப்ரன் மாட்டும் கொக்கிகள் முப்பத்திரண்டு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர்ச்சீட்டு. ஏப்ரன் தொங்கியது பதினான்கில் மட்டும். ஒரு கொக்கியின் சீட்டு தடித்திருந்தது. ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். கீழே இன்னொரு பெயர்.

"உரிக்காதீங்க. அடியில நான் இருக்கேன்."

தொட்டியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் சொன்னாள். முப்பது வயதிருக்கும். "மூணாவது அடுக்கு. நேடீன்."

"இங்க படிச்சீங்களா?"

"நவம்பர் வரைக்கும். ஒரு பரீட்சையில பி வந்துச்சு. மிஸஸ் ரிட்ஜ்வே கூப்பிட்டு காபி ஊத்திக் கொடுத்தாங்க. 'உங்கள ஆதரிக்க முடியுமான்னு யோசிக்கிறோம்'னாங்க. போன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. காபி வந்தா நாமளே புரிஞ்சுக்கணும்."

"வேற இடத்துல முடிச்சுட்டு அப்ளை பண்ணலாமே?"

"படிச்ச இடம் ஒண்ணு விடாம ஃபார்ம்ல எழுதணும். இந்தப் பேரப் பாத்ததும் முதல் கேள்வி, அவங்க ஏன் உனக்கு லெட்டர் எழுதலங்கிறதுதான்." நேடீன் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அதான் இங்கயே கழுவிட்டிருக்கேன். லோன் ஓடுது. ஜாமீன் எங்கம்மா." குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.

மிஸஸ் ரிட்ஜ்வேயின் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் காதில் இருந்தது.

"போன செப்டம்பர்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க?" என்று கோரின் கேட்டாள்.

"ஒவ்வொருத்தர் சூழ்நிலையும் வேற வேற, கோரின்."

"முப்பத்திரண்டு கொக்கி இருக்கு."

மிஸஸ் ரிட்ஜ்வேயின் புன்னகை இம்மியும் அசையவில்லை. "நாங்க ஆதரிக்கிறவங்களப் பத்தித்தான் நாங்க பேச முடியும்."

"கொக்கி எதுக்கு இப்போ?" என்றார் அப்பா. "மேடம், வீட்டுக் கடன் போன வருஷம்தான் அடைஞ்சுது. வீடு சும்மாதான நிக்குது. மறுபடி அடகு வெச்சாப் போச்சு. இவ சம்பாதிச்சு மீட்டுட மாட்டாளா?"

நீ பயந்து ஓடுகிறாய் என்றது கோரினின் மனம். பதினெட்டு வயதில் ஓடியது போலவே. கொக்கி ஒரு சாக்கு. அவள் அதை மறுக்கவில்லை. பயம் இருந்தது. ஆனால் அன்று ஓடியது வேதியியலிடமிருந்து. இன்று வேதியியலிடம் போகத்தான் ஆசை. ஊரிலேயே அரசுக் கல்லூரியில் மாலை வகுப்பு இருக்கிறது. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், தன் சம்பளத்தில். நான்கு வருடம் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். அங்கே பி வாங்கினால் அது வெறும் பி. அதற்காக அப்பா வாசலில் பெட்டியோடு நிற்க வேண்டியதில்லை.

தான் பி வாங்கக்கூடியவள் என்பதும் அவளுக்குத் தெரியும். இந்த அறையில் அதைச் சொல்லத்தான் யாருக்கும் விருப்பமில்லை.

மிஸஸ் ரிட்ஜ்வே எழுந்து ஓரத்தில் இருந்த காபிக் குடுவையை எடுத்தார். கோரினின் முன்னால் கோப்பையை வைத்து ஊற்றினார். ஆவி எழுந்தது.

"யோசிக்க நேரம் எடுத்துக்கோங்க. ஆனா இடம் இன்னிக்கு வரைக்கும்தான்."

அப்பா பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். நல்லவேளை, தன் பக்கத்துத் தாளுக்குப் போகவில்லை. அவளிடம் நீட்டினார். "முதல்ல நீ போடு கண்ணு. டாக்டர் கையெழுத்து மாதிரி கிறுக்கணும், சொல்லிட்டேன்."

கோரின் பேனாவை வாங்கினாள். அவர் கையிலிருந்த மூடியையும் வாங்கிக்கொண்டாள். பேனாவை மூடித் தாள்களின் மேல் குறுக்காக வைத்தாள்.

"வேண்டாம்ப்பா."

"என்ன வேண்டாம்? காபியா?"

அவள் கோப்பையைத் தாள்களின் பக்கத்தில் தள்ளி வைத்தாள். பிறகு இரண்டையும் சேர்த்து, ஒரு சொட்டும் சிந்தாமல், மெதுவாக மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தினாள்.