கேட்டோம்

மடக்கு நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து அதை வாங்க, கண்ணாடிக்கடைக்காரர் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார்.

"நீங்க விடுங்கம்மா. இன்னைக்காவது சும்மா உக்காருங்க."

"உக்காந்து என்ன பண்ணப்போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த நாற்காலியை எடுத்தாள். காலையில் புருஷனைத் தகனம் செய்துவிட்டு வந்தவள் மத்தியானம் அவருடைய நினைவுக் கூட்டத்துக்குத் தானே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலருகே நின்ற அவளுடைய அக்கா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்காவுக்கு இந்தச் சபையே பிடிபட்டதில்லை. பலகையில் யூனிட்டேரியன் சபை என்று எழுதியிருக்கும். கடவுள் உண்டு என்கிறவர், இல்லை என்கிறவர், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறவர் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருவார்கள். "யாரைக் கும்பிடறதுன்னே முடிவு பண்ணாம வாராவாரம் எதுக்குடி கூடறீங்க" என்று அக்கா கேட்காத நாள் இல்லை. இன்று காலையும் கேட்டாள், கொஞ்சம் மெதுவாக.

தங்கை பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவள். எந்த வண்டி எந்த மேடைக்கு வரும், எது தாமதம், எது இன்றைக்கு இல்லை என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் உப்பு கேட்டால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும். சபையின் இளைஞர் குழுவை நடத்துவதும் அவள்தான். பிள்ளைகளுக்கு அவள் மைக் ஆன்ட்டி. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். "சரியான கல்லுளிமங்கனைக் கட்டிக்கிட்டேன்" என்று அவள் அவரை வைத்துக்கொண்டே சொல்வாள். அதற்கும் சிரிப்புதான்.

முந்தாநாள் சாயங்காலம் சமையலறையில் காலி தண்ணீர் கேனை எடுத்துவிட்டு நிறைந்த கேனைத் தூக்கி வைத்தார். அவள்தான் வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், "கொஞ்சம் படுக்கறேன்" என்றார். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"வயித்துக்குள்ள போற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்திருக்கு. வெடிச்சிடுச்சு. வலி, காய்ச்சல்னு எதுவும் முன்னாடி காட்டாது. யாருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லம்மா" என்றார் டாக்டர்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு நாளும் நடமாடினாள். தண்ணீர் கேன் ஞாபகம் வரும்போதெல்லாம் அதை எடுத்துச் சொல்லிக்கொள்வாள். சபையிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். மருந்துக்கடை அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்குத் தெரியும் சொல்லுங்க" என்றாள். தபால்காரரும் அதையேதான் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் அழுதார்.

கூட்டம் தொடங்கியது. போதகர் நடுவிலிருந்த கிண்ண விளக்கை ஏற்றினார். அவருக்கு மந்திரமோ ஜெபமோ கிடையாது, இறந்தவரைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு சபையின் வழக்கப்படி, மணல் நிரப்பிய தட்டு முன்னால் வந்தது. சொல்ல விரும்புகிறவர் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டு மணலில் நட்டுவிட்டுப் போகலாம்.

முதலில் அவரோடு வேலை பார்த்தவர் வந்தார். எந்த லிஃப்டைச் சரிசெய்தாலும் அவரே முதலில் ஏறிப் பார்ப்பார், இன்னொருத்தரை ஏறச் சொல்ல மாட்டார் என்றார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. இளைஞர் குழுவிலிருந்து இரட்டைச்சடை போட்ட பெண் வந்து, "அங்கிள் எங்க கேம்ப்புக்குப் பாத்திரம் கழுவ வருவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். கூடத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது.

அடுத்து கண்ணாடிக்கடைக்காரர். மெழுகுவர்த்தியை ஏற்றிக் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பேச வராது. ஆனா இவர் மாதிரி தைரியசாலிய நான் பாத்ததில்ல. போன மழைக்காலத்துல எங்க வட்டத்துல சொன்னாரு. வயித்துக்குள்ள ஒரு குழாய் வீங்கியிருக்கு, எப்ப வேணா வெடிக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆபரேஷன் வேண்டாம்னு நான் முடிவு பண்ணிட்டேன்னு. சொல்லிட்டு சிரிச்சாரு. அன்னைக்கு நாங்க எல்லாரும்..."

அங்கே நின்றுவிட்டார். மெழுகு உருகி விரலில் வழிந்தது. அதைக் கவனிக்காமல் அவளையே பார்த்தார்.

அவள் திரும்பி இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். அங்கேதான் வட்டத்துக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடை அம்மா மடியைப் பார்த்தாள். தபால்காரர் தரையைப் பார்த்தார். டியூஷன் டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை பேரில் ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"கொஞ்ச நேரம் மௌனமா இருப்போம்" என்றார் போதகர்.

அந்த மௌனத்தில் அக்கா அவள் காதருகே குனிந்தாள். "என்னடி சொல்றாரு அந்த ஆளு? உனக்குத் தெரியுமா?"

அவள் இரண்டாவது வரிசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வட்டம் என்பது கேட்கும் வட்டம். வாரம் ஒரு சாயங்காலம் பின்னறையில் கூடுவார்கள். ஒருத்தர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். நடுவில் கேள்வி கூடாது, அறிவுரை கூடாது, ஆறுதலும் கூடாது. பேசி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து "கேட்டோம்" என்பார்கள். அவ்வளவுதான். உள்ளே பேசியது அறையைத் தாண்டாது. அந்த விதியைச் சபைக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். முதலில் இளைஞர் குழுவில் வைத்தாள், பிள்ளைகள் மனசு விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துப் பெரியவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

வட்டம் கூடும் அதே நேரத்தில் பக்கத்து அறையில் அவள் பிள்ளைகளோடு இருப்பாள். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பேச்சு புரியாது, ஆனால் "கேட்டோம்" மட்டும் தெளிவாக வரும். போன மழைக்காலத்திலும் ஒரு சாயங்காலம் வந்திருக்கும். அவள் பிள்ளைகளிடம் சத்தம் போடாதீங்க என்று சொல்லிக்கொண்டு இருந்திருப்பாள்.

இப்போது அவளுக்கு நாற்காலிகள் ஞாபகம் வந்தன. சபையில் நாற்காலி போடுவதும் அடுக்குவதும் வெகுகாலமாக அவர் வேலை. கொஞ்ச மாதமாக அவர் ஒரு நாற்காலியில் கை வைத்தால் போதும், தபால்காரர் பாய்ந்து வந்து வாங்கிக்கொள்வார். மேஜை என்றால் கண்ணாடிக்கடைக்காரர். பிள்ளைகளின் கேம்ப்புக்குக் கூடாரக் கம்பிகளை ஏற்றும்போது மருந்துக்கடை அம்மாகூட, "நீங்க நகருங்க" என்று அவரை ஓரங்கட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மாப்பிள்ளை முறுக்கு இன்னும் போகல பாருங்க" என்று அவள் எல்லாருக்கும் கேட்கும்படி கிண்டல் செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். தெரிந்துகொண்டே சிரித்தார்கள்.

சபையில் ஒரு நாற்காலியைத் தூக்க விடாமல் பார்த்துக்கொண்டவர்கள், வீட்டில் அவர் எதையெல்லாம் தூக்குகிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. வீட்டில் அவர் பீரோவை நகர்த்தினார், அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றினார். எல்லாம் அவள் சொல்லித்தான். "என்ன யோசிச்சுக்கிட்டு நிக்கறீங்க, தூக்குங்க" என்று மைக் குரலில் சொல்லியிருக்கிறாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை, கோபம்தான் வந்தது.

கூட்டம் எப்படி முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. எல்லாரும் எழுந்து தேநீர் மேஜைப் பக்கம் போனதும், அவள் நேராக மருந்துக்கடை அம்மா முன்னால் போய் நின்றாள். பின்னாலேயே அக்காவும் வந்தாள்.

"எப்ப சொன்னாரு?"

"மழைக்காலத்துல."

"அது கேட்டுச்சு. ஆபரேஷன் ஏன் வேண்டாம்னாரு?"

மருந்துக்கடை அம்மா கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்தாள். "அவரோட அண்ணன் ஆபரேஷன் டேபிள்ல போனவரு. அந்தப் பயம். கத்தி பட்டா எழுந்திரிக்க மாட்டேன்னு சொன்னாரு."

"அவர் அண்ணன் எப்படிப் போனார்னு எனக்குத் தெரியாதா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க விட மாட்டீங்கன்னு."

"விட மாட்டேன்தான். கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"அதான்மா. அவ கேட்டா என்னால முடியாதுன்னு சொல்ல வராது, ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துடுவேன், அதனால அவகிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்னாரு."

தபால்காரரும் டியூஷன் டீச்சரும் பக்கத்தில் வந்து நின்றார்கள். கண்ணாடிக்கடைக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார், விரலில் மெழுகு அப்படியே காய்ந்திருந்தது.

"ஒரு தடவை உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன்" என்றாள் மருந்துக்கடை அம்மா. "மணி அடிக்கல. முன்ன ஒரு தடவை டீச்சர் வட்டத்துல சொன்ன வீட்டு விஷயத்த நான் வெளிய சொன்னதுக்கு, நீங்க என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு மன்னிப்புக் கேக்க வச்சீங்க. யார் உயிரே போனாலும் வட்டத்துல பேசுனது வெளிய போகக் கூடாதுன்னு சொன்னீங்க. இதே கூடத்துலதான்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நாங்க அப்படி எடுத்துக்கல."

அவள் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொய்க்காரி என்று காறித் துப்பிவிட்டுப் போகக்கூட வழியில்லை.

"சரி, விதி. வாசல்ல திரும்பிப் போனீங்க. நேத்து வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு யாருக்குத் தெரியும்னு கேட்டீங்களே, அது எந்த விதி?"

மருந்துக்கடை அம்மா மேஜையில் வைத்த கோப்பையை மறுபடி கையில் எடுத்தாள்.

"அவரால என்னை நம்ப முடியல, உங்களையெல்லாம் நம்புனாரு. போகட்டும். ஆனா உங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவகிட்ட சொல்லாதது தப்புன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாம். அதுகூடவா சொல்லக் கூடாது?"

"அறிவுரை சொல்லக் கூடாதுல்ல" என்றார் தபால்காரர் தரையைப் பார்த்தபடி.

"தண்ணி கேனைத் தூக்கி வைங்கன்னு நான்தான் சொன்னேன்." அவள் குரல் இப்போது பஸ் நிலையக் குரலாக இல்லை, பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டுமே கேட்டது. "தெரிஞ்சிருந்தா அவரை ஒரு டம்ளர் தூக்க விட்டிருப்பேனா? என்கிட்ட சொல்லிட்டு, ஆபரேஷன் வேண்டாம்னே அவர் அடம்பிடிச்சிருந்தாலும், பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டாவது இருந்திருப்பேன். அவர்கூட இருந்த கடைசி மழைக்காலம் அதுன்னு தெரியாம நான் பீரோவ நகர்த்தச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

மேஜைமேல் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை மூடி, வருஷக்கணக்கான பழக்கத்தில், தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கேட்டோம்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்னத்தக் கேட்டீங்க?"

அவர் பதறிப்போய்க் கண்ணைத் திறந்தார். சொன்னதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. மனுஷர் கைகூப்பினார். அவள் அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

இரட்டைச்சடைப் பெண் அவள் முழங்கையைத் தொட்டாள். "ஆன்ட்டி, நாங்க எல்லாரும் நம்ம ரூம்ல உக்காந்திருக்கோம். இன்னைக்கு நம்ம நாள்தானே. நீங்க பேச வேண்டாம். சும்மா வந்து உக்காருங்க. நாங்க கேக்கறோம்."

"வா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள் அக்கா.

"நீ போய் ஆட்டோ பாரு. வரேன்."

அறையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்காக ஒரு இடம் விட்டிருந்தார்கள். சின்ன விளக்கை ஏற்றி வைத்திருந்தார்கள், அவள் சொல்லிக்கொடுத்தபடியே காற்றுப் படாத பக்கமாக. யாரோ அழுது முடித்த முகம், யாரோ அழத் தயாராக இருந்த முகம். தடுப்புக்கு அந்தப் பக்கம் வட்டத்தின் அறை காலியாக இருந்தது.

வழக்கப்படி கடைசியில் வந்தவர் கதவைச் சாத்த வேண்டும். அவள் சாத்தாமல் வந்து உட்கார்ந்தாள். இரட்டைச்சடைப் பெண் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, தன் இடத்துக்கு வந்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"இங்க பேசுறது இந்த ரூமத் தாண்டி..." என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் முடிப்பதற்குள் அவள் எழுந்தாள். சுவரோரம் சாய்த்திருந்த மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு, கதவை முழுக்கத் திறந்தாள். வெளியே நடையில் நின்றிருந்த தபால்காரர், "குடுங்கம்மா, நான்" என்று கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நாற்காலியை விரித்துக் கதவு மூடாதபடி முட்டுக்கொடுத்து வைத்து, அசைத்துப் பார்த்தாள். நின்றது.

கூடத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தமும் பேச்சும் அறைக்குள் வந்தன. விளக்கு காற்றில் ஆடியது. ஒரு பையன் அதைக் கையால் மறைத்துக்கொண்டான்.

பிள்ளைகள் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.