உப்பில்லாத கீரை ரொட்டி

இப்போதெல்லாம் எங்கள் மலையூரான கிறிஸ்டியானாவின் கடைத்தெருவில் நாலடிக்கு ஒரு ரொட்டிக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டுக் கீரை ரொட்டியைப் படுக்க வைத்திருக்கிறார்கள். வாங்கிப் பிய்த்துப் பார்த்தால் கீரை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. நடுவில் பச்சையாய் ஒரு கோடு, அவ்வளவுதான். போன வாரம் ஒன்றைத் தின்றுவிட்டுக் கடைக்காரப் பெண்ணிடம், "ஏம்மா, இந்த ஊர்ல கீரைக்கு என்ன பஞ்சமா?" என்று கேட்டே விட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் கீரை ரொட்டிதான். அம்மாவை ஊரில் மிஸ் யூலலி என்பார்கள். கொல்லையில் பறித்த கலலூக் கீரை, முதல் நாளே ஊறவைத்து முள் எடுத்த உப்புக் கருவாடு, வெங்காயத்தாள், தைம் இலை, ஸ்காட்ச் பானெட் மிளகாயில் ஒரே ஒரு கீற்று. எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் வதக்கி, நீர் வற்றவிட்டு, ஆறவைப்பாள். பிறகு விரித்த மாவின் மேல் பரப்பிப் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, ஓரத்தை விரலால் அழுத்தி மூடி, மேலே கத்தியால் மூன்று கீறல் போடுவாள். இரும்புச் சட்டிக்கு அடியிலும் கரி நெருப்பு, மூடியின் மேலும் கரி நெருப்பு. முக்கால் மணி நேரத்தில் வாசம் தெருமுனை வரைக்கும் போகும். எழுபத்தைந்து வயதாகிறது எனக்கு, இன்றைக்கும் அந்த வாசத்தை நினைத்தால் நாக்கில் நீர் ஊறுகிறது. கண்ணிலும்தான், மறைப்பானேன்.

அம்மா போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. நான் சொல்ல வந்தது அதற்கும் முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருஷத்துச் சனிக்கிழமை ஒன்றைப் பற்றி.

என் தம்பி லாசல்ஸ் வெல்டிங் வேலை கற்றுக்கொள்ளத் தலைநகர் கிங்ஸ்டனுக்குப் போனான். ஒட்ட வெட்டிய தலையோடு போனவன் இரண்டு வருஷம் கழித்துத் தோள் வரைக்கும் சடையோடு வந்து நின்றான். ராஸ்தா என்கிற சடைமுடிக்காரர்களின் மார்க்கத்தில் சேர்ந்துவிட்டானாம். அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பார். அம்மா பாப்டிஸ்ட் சபையில் முன்வரிசைக்காரி, சடையைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் பெற்ற பிள்ளை. அன்றும் சனிக்கிழமை. சுடச்சுட ரொட்டியை அறுத்து முதல் துண்டை அவனிடம்தான் நீட்டினாள்.

அவன் கையை நீட்டவே இல்லை.

"வேணாம்மா. இதுல உப்பு இருக்கு. நானும் நானும் உப்பு தொடுறதில்ல."

"என்னடா அது நானும் நானும்? உனக்கு ஒரு நான் பத்தாதா?"

"ராஸ்தாக்காரங்க அப்படித்தாம்மா பேசுவோம். உப்பு, மாமிசம், டப்பால அடைச்சது எதுவும் கிடையாது. மண்ணுல விளைஞ்சத விளைஞ்ச மாதிரியே தின்னணும்."

அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏண்டா, என் கையால உப்புப் போட்டுத்தானடா தின்னு வளர்ந்த? கொஞ்சமாவது ரோஷம் வேணாம்?"

"உப்பத்தான் விட்டுட்டேனே, ரோஷம் எங்கேருந்து வரும்?" என்றான் அந்தப் படுபாவி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த முதல் தப்பு. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், துண்டைத் தட்டிலேயே போட்டாள். "என் உப்பு வேணாங்கிறவன் என் வாசப்படி ஏற வேணாம்" என்றாள். அவனும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். மேலே மலைச்சரிவில் அப்பா யாம் கிழங்கு போட்டிருந்த நிலத்தில் பலகைக் குடிசை ஒன்று இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டான். அரை மைல் தூரம்தான். ஆனால் நாலு மாதம் அவன் இறங்கவில்லை, அவள் ஏறவில்லை. நடுவில் ஏறி இறங்கியவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு வந்து இந்த இரண்டு பேரையும் மேய்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. ஒரு நாள் அம்மா கீரை ஆய்ந்தபடி, "பாத்துக்கிட்டே இரு மெர்லீன், ஒரு நாளைக்கு அவனுக்குத் தெரியாம ஒரு பிடி உப்ப அள்ளிப் போட்டுக் குடுத்துடறேன், பைத்தியம் தெளியட்டும்" என்றாள். ஆற்றாமையில் சொன்னது. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே. வேடிக்கையாய் நினைத்துக்கொண்டு மலையேறிப் போய்த் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் முகம் செத்துப்போனது. "அப்படின்னா இனிமே அந்த வீட்டுத் தண்ணியக்கூட நம்ப முடியாதுக்கா" என்றான். அதுவரைக்கும் நான் கொண்டுபோகும் வேகவைத்த வாழைக்காயையாவது தின்றுகொண்டிருந்தான். அதையும் நிறுத்திவிட்டான்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை சேதி சொன்னான். செயின்ட் தாமஸ் பக்கம் மலைமேல் அவனுடைய கூட்டாளிகள் சேர்ந்து நிலம் திருத்துகிறார்களாம். திங்கட்கிழமை லாரி வருகிறது, போகிறான். தீவின் அந்தக் கோடிக்கு. எப்போது வருவாய் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அன்று இரவு அவள் ஜெபம் நீண்டுகொண்டே போனது.

சனிக்கிழமை காலையில் அடுப்படிக்குப் போனேன். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மெர்லீன், அந்த உப்பு டப்பாவ எடுத்து முத்தத்துல வை. கருவாட்டையும் வெளியே கொண்டுபோ. அது கண்ணுல பட்டா என் கை சும்மா இருக்காது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் டப்பாவை முற்றத்திலும் கருவாட்டை என் அறையிலும் வைத்துவிட்டு வந்தேன். அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கட்டிக்கொள்ளவிடுகிற ஆளா? "நின்னு பாக்காத, மாவ சலி" என்றாள்.

உப்பில்லாத மாவு எப்படி நடந்துகொள்ளும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. உப்புத்தான் ஈஸ்ட்டுக்குக் கடிவாளம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். வழக்கமான நேரத்துக்கு மூடிவைத்துவிட்டுக் கீரை பறிக்கப் போனோம். வந்து பார்த்தால் மாவு பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழிந்து, தொட்டதும் பொத்தென்று அமுங்கிப்போனது. கையெல்லாம் பிசுபிசு.

"பாருடி, உன் தம்பி மாதிரியே இருக்கு. கட்டுப்பாடும் இல்ல, தொட்டா கோவமும் வருது" என்றாள் அம்மா. அதைப் பன்றிக்குப் போட்டுவிட்டு மறுபடியும் பிசைந்தாள். இந்த முறை பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டாம் மாவு பாதி நேரத்திலேயே தயார். கீரையில் உப்புக்குப் பதிலாக மிளகாயை ஒரு கீற்றுக் கூட்டி, வெங்காயத்தாளை இரண்டு பங்கு போட்டு வதக்கினாள். ருசி பார்த்து முகத்தைச் சுளித்தாள். "புல்லு" என்றாள். "சரி, அவனுக்குப் புல்லுதான புடிக்குது." சட்டியில் வைத்து மூடி, மேலே நெருப்பு அள்ளிப் போட்டதும் என்னைப் பார்த்தாள்.

"போய்க் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டேன்னு சொல்லு. இல்ல வேணாம், நீயா கூப்பிடறதா சொல்லு."

மூச்சிரைக்க ஏறினேன். தம்பி கிழங்கு மேட்டைக் கொத்திக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியில் சாய்ந்து நின்றான்.

"உப்பு இல்லாம ரொட்டியா? அம்மாவா? யார ஏமாத்துற?"

"டேய், உப்பு டப்பா முத்தத்துல கோழிக்குக் காவலா உக்காந்திருக்கு. கருவாடு என் ரூம்ல நாறுது. என் கண்ணு முன்னாடி பிசைஞ்சா. எங்க வேணா அடிச்சு சத்தியம் பண்றேன்."

"அம்மா ஒரு பிடி அள்ளிப் போடுவேன்னு சொன்னாள்ல?"

"சொன்னா. ஆத்திரத்துல சொன்னா. அதத் தூக்கிட்டு வந்து உன்கிட்ட சொன்னேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும். லாசல்ஸ், இன்னைக்கு ஒரு நாள் என்ன நம்புடா. அதுல துளி உப்பு இருந்துச்சுன்னா நீ என் மூஞ்சியிலேயே முழிக்க வேணாம்."

மண்வெட்டியைக் குடிசைச் சுவரில் சாத்தினான். பிறகு கையைக் கழுவினான்.

நாங்கள் இறங்கி வந்தபோது ரொட்டி சட்டியிலிருந்து இறங்கி மேசையில் துணி மூடி உட்கார்ந்திருந்தது. அம்மா சபைக்குப் போகும் நீலச் சட்டையை மாட்டியிருந்தாள். படியில் நின்றவனைப் பார்த்து, "உள்ள வா, ஈ வருது" என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு பேசின முதல் பேச்சு அது. அவன் பின்னல் தொப்பியைக் கழற்றினான். சடை சரிந்து முதுகில் விழுந்தது. அம்மா அதையே பார்த்தாள்.

"அதுக்கு எண்ணெய் கிண்ணெய் வைக்கிறியா?" என்றாள்.

"தேங்காய் எண்ணெய் வைக்கிறேம்மா."

"பின்னாடி காஞ்சு கெடக்கு. நல்லாத் தேய்."

துணியை எடுத்தாள். ரொட்டி பொன்னிறமாய் மினுமினுத்தது. அறுத்து, முதல் துண்டை நீட்டினாள். இந்த முறை வாங்கிக்கொண்டான். எனக்கும் ஒன்று கொடுத்தாள். தான் தின்னாமல் எதிரில் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கடித்தேன். உள்ளே கீரையில் உப்பில்லை, மாவில் உப்பில்லை. ஆனால் மேல்தோல் நாக்கில் பட்டதும் எனக்குப் பகீரென்றது. உப்பு. நன்றாகவே உப்பு. அப்போதுதான் அந்த மினுமினுப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. ரொட்டியை இறக்கியதும் சூடு ஆறுவதற்குள் மேலே வெண்ணெய் தடவுவாள் அம்மா. முப்பது வருஷப் பழக்கம், கை தானாகவே போயிருக்கிறது. எங்கள் ஊரில் டின்னில் வருகிற வெண்ணெய் உப்பு வெண்ணெய்தான், வேறு வெண்ணெய் உண்டென்பதே எங்களுக்குத் தெரியாது.

தம்பியைப் பார்த்தேன். மென்றுகொண்டிருந்த தாடை நின்றிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். சத்தியம் பண்ணியவள் நான். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. பிறகு மெதுவாக அம்மா பக்கம் திரும்பினான். அம்மா துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள், பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளை மாதிரி.

"எப்படிடா இருக்கு?" என்றாள்.

விழுங்கினான். "இன்னொரு துண்டு குடும்மா" என்றான்.

கொடுத்தாள். அதையும் தின்றான். மேல்தோலைப் பிய்த்து ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கவில்லை. அவன் கேட்கக் கேட்க அவள் அறுத்துக் கொடுத்தாள். பேச்சு கிழங்கு, மழை, பன்றி என்று எங்கெங்கோ போனது. சிரித்தார்கள் இருவரும். நான் மட்டும் கையிலிருந்ததைத் தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவனை மலையடி வரைக்கும் கொண்டுவிடப் போனேன். பாதி வழியில் நின்றான்.

"வேணும்னே போட்டாளாக்கா?"

"ஐயோ இல்லடா! வெண்ணெய்டா அது. கைப்பழக்கம். அவளுக்கே தெரியாது."

"நினைச்சேன். வேணும்னு போட்டிருந்தா அம்மா அவ்வளவு கொஞ்சமாவா போடுவா?" என்று சிரித்தான். சிரிப்பு நின்றதும், "ரெண்டு வருஷம் கட்டிக் காப்பாத்துனது. போச்சு" என்றான். கண் கலங்கியிருந்தது. "அவகிட்ட சொல்லிடாத. இத மட்டும் சொல்லிடாதக்கா."

வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா பின்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெண்ணெய் டின் திறந்து கிடந்தது.

"மெர்லீன். நான் இதத் தடவிட்டேன்டி."

நான் டின்னை எடுக்கக் குனிந்தேன், அவள் விடவில்லை.

"நீ தின்னியே, தெரிஞ்சுதா உனக்கு?"

"இல்லம்மா. ஒண்ணும் தெரியல."

"அவனுக்கு?"

"அவன் நாக்கு செத்து ரெண்டு வருஷமாச்சு. அவனுக்கு எங்க தெரியப்போகுது? பேசாம எழுந்திரு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போடி, பொய் பேச வந்துட்டா. உப்ப விட்டவனுக்குத்தான் உப்பு மொதல்ல தெரியும். டாக்டர் விடச் சொல்லி ஒரு மாசம் விட்டேனே, எனக்குத் தெரியாதா?" டின்னை மூடினாள். மூடிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன துண்டு தின்னான்?"

"எண்ணலம்மா."

"நான் எண்ணினேன்" என்றாள். "ஆறு."

இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.