கீழ்க்கிணற்றுத் தண்ணீர்

சுரங்கத்தில் அவரை எல்லோரும் 'பாட்டில்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வதுண்டு. பாவம், மனிதர் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. தாது கழுவிய கழிவுநீர்க் குளத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் எடுத்து, பாட்டிலில் அடைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் அவர் வேலை.

குளத்தின் அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தார்கள். அது கிழிந்தால் விஷம் மண்ணுக்குள் இறங்கும். அதை முதலில் காட்டிக்கொடுப்பது கரைக்குக் கீழே இருக்கும் கிணறு. போன மாதம் அது காட்டிக்கொடுத்துவிட்டது. பாட்டில்காரர் அலறியடித்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினார்.

"அனுமதி புதுப்பிக்கிற நேரத்துலயா இதைத் தூக்கிட்டு வர்றது? குளத்தை வத்தவிட்டு விரிப்பை ஒட்டணும்னா சுரங்கமே நிக்கும். உங்க வேலையும் நிக்கும், உங்க மச்சான் வேலையும் நிக்கும். கையெழுத்தாகட்டும், அப்புறம் ஒட்டிக்கலாம்" என்றார் மேலாளர்.

பாட்டில்காரர், குளத்துக்கு மேலே விஷம் எட்டாத மேல்கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, அதில் 'கீழ்க்கிணறு' என்று எழுதி ஒட்டினார். காகிதத்தில்தானே பொய், இதை யார் குடிக்கப்போகிறார்கள் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார். ஆனாலும் அன்றிலிருந்து சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று அனுமதி தரும் அதிகாரியம்மா வந்திருந்தார். மேலாளர் அறையில் உட்கார்ந்து பரிசோதனை முடிவுகளைப் புரட்டியவர் முகம் மலர்ந்தது. பாட்டில்காரரும் ஓரமாக நின்றிருந்தார்.

"கீழ்க்கிணத்துத் தண்ணி இவ்வளவு சுத்தமா இருக்கே! வர்ற வழியில பார்த்தேன், உங்க தொழிலாளர் குடியிருப்புல லாரி வரலைன்னு ஜனங்க குடத்தோட நிக்கிறாங்க. இதையே திறந்துவிடுங்களேன்."

"தாராளமா மேடம்... குழாய் போட்டுட்டு..."

"ரோட்டுப் புழுதிக்குத் தெளிக்க இந்தக் கிணத்துலேருந்து போட்ட குழாய் குடியிருப்பு வரைக்கும் போகுதே. இப்பவே சொல்லுங்க. ஜனங்க ஒரு குடம் பிடிக்கிறதைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

அதிகாரியம்மாவுக்கு நல்ல மனசு, அதுதான் வினையாகிவிட்டது. மேலாளர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தார். பிறகு போனை எடுத்து மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டார். தண்ணீரை நிறுத்த ஏதாவது சாக்கு சொல்லமாட்டாரா என்று பாட்டில்காரர் மேலாளர் முகத்தைப் பார்த்தார். மேலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டில்காரருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, நம்ம குடியிருப்புக் குழாய்ல தண்ணி வரப்போகுதாமே! நீங்க சோதிச்ச தண்ணியாம். எல்லாரும் உங்களைத்தான் வாயாரப் பேசறாங்க. நான்தான் முதல் ஆளா நிக்கிறேன். சின்னவ வேற தாகம்னு காலைலேருந்து..."

"பிடிக்காதே!"

அவர் கத்திய கத்தலில் அதிகாரியம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது. அது விஷம். விரிப்பு கிழிஞ்சு போச்சு. நான்தான் வேற கிணத்துத் தண்ணியை அனுப்பி ஏமாத்தினேன்."

"யோவ், உனக்கும் உன் மச்சானுக்கும் இன்னைக்கே சீட்டு கிழியும்!" என்று மேலாளர் எகிறினார். இதுவரை கொடுத்த 'உங்க' மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"கிழியட்டும் சார்" என்றார் பாட்டில்காரர். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது போலிருந்தது. அதிகாரியம்மா அனுமதிக் கோப்பை மூடிவிட்டு, மோட்டாரை நிறுத்தச் சொல்லி அதட்டினார்.

போனில் மனைவி குடத்தோடு நின்றவர்களை விலகச் சொல்லிக் கூவுவது கேட்டது. பிறகு அவள் மறுபடியும் போனுக்கு வந்தாள்.

"கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்துல வீடுங்க இருக்கே. அவங்க கிணத்துலயும் இதே தண்ணிதானே ஊறும்?"

"ஆமா, ஊறும்."

"போன மாசத்துலேருந்து அவங்க குடிச்சுட்டுத்தானே இருக்காங்க? அவங்ககிட்ட யாராவது சொன்னீங்களா?"

"இல்ல."

"என் குடம்னதும் கத்தினீங்களே, அந்தக் கத்தலை அன்னைக்கே கத்தியிருக்கணும். ஊரான் வீட்டுக் குடத்துக்கும் நம்ம வீட்டுக் குடம் மாதிரியே பதறணும். அப்படிப் பதறத் தெரியாதவங்க ஜனங்க குடிக்கிற தண்ணிக்குக் காவல் இருக்கவே கூடாது. இங்க நான் பார்த்துக்கறேன். நீங்க முதல்ல ஓடிப்போய் அவங்க கதவைத் தட்டுங்க!"