முதல் பெயர் குப்பச்சி

ஆடியில் கூழ் ஊற்றும் அன்று உறவினர் எல்லாரும் கூடுவார்கள். அதற்குள் வம்சத்தையே ஒரு பேனரில் போட்டுவிட வேண்டும் என்பது பெருமாளின் ஆசை. தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் இருக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளி அவர். வேலையைத் தம்பி மகள் குணசுந்தரியிடம் கொடுத்தார். அவள் தினமும் ஊரிகத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள்.

"எங்க தாத்தா சின்னதம்பியோட அப்பா பேரு மேல வரணும். ஆர்க்காட்டுப் பக்கத்துலேர்ந்து வந்து சுரங்க ஷாஃப்டுல எறங்குன மொத ஆளு. பேரு தெரியல, நீ தேடு."

மூன்று மாதம் அலைந்த பிறகு, பழைய பிறப்புப் பதிவேடு ஒன்றில் கிடைத்தது. 1896. ஆண் குழந்தை சின்னதம்பி. தாய் குப்பச்சி, கல் பொறுக்கும் கூலி. தகப்பன் பெயருக்கு நேரே வெறும் கோடு. பூர்வீகம், குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம்.

குணசுந்தரி அங்கே போனாள். காலனியை ஒட்டிய வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா பெயரைக் கேட்டதுமே நிமிர்ந்தாள்.

"குப்பச்சி கதையா? எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியுமே! பண்ணையார் மவன் அவளக் கெடுத்துட்டான். வயித்துப் புள்ளைக்கு அப்பன் யாருன்னு பஞ்சாயத்துல கேட்டாங்க. அவ பொய் சொல்லுவான்னு பாத்தா, நேரா அவனயே கைய நீட்டிக் காட்டிட்டா. மொட்டையடிக்கச் சொன்னாங்க. கத்தி வர்றதுக்குள்ள எழுந்து நடந்தவதான், திரும்பிப் பாக்கல."

பெருமாள் இதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"அப்பன் இல்லாத வம்சம்னு நாலு பேரு சிரிப்பாங்க. முனுசாமின்னு ஏதோ ஒண்ணு போட்டுடு."

"இல்லாத ஆள எதுக்குப் பெரியப்பா போடணும்? வயித்துப் புள்ளையோட ஒத்தையா நடந்து வந்தது அவ. ஷாஃப்டு வாசல்ல கல்லு பொறுக்கி உங்க தாத்தாவக் காப்பாத்துனது அவ. அவ பேருதான் மேல."

"நான் இருக்குற வரைக்கும் நடக்காது."

"நடக்கும்."

ஆடி ஞாயிறு காலையில் லைன் வீடுகளுக்கு எதிரே பேனர் ஏறியது. உச்சியில் குப்பச்சி. பக்கத்தில் ஆண் பெயர் எதுவும் இல்லை. பெருமாள் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. வந்தவர்கள் விசாரித்தார்கள். குணசுந்தரி ஒவ்வொருவருக்கும் முழுக்கதையையும் உரக்கவே சொன்னாள். கேட்ட பெண்கள் சிலர் பேனர் முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

உச்சிவேளைக்குக் கதவு திறந்தது. எல்லாவற்றையும் உள்ளேயிருந்தே கேட்டிருந்த பெருமாள், பேனர் அடியில் வந்து குப்பச்சியின் பெயரை வாய்விட்டுப் படித்தார். பக்கத்துச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸிலிருந்து வந்திருந்த மருமகன் பிரதாப் இளித்தான்.

"இன்னா மாமா, அப்பன் பேர காணோம்?"

பெருமாள் திரும்பினார்.

"அம்மா பேரு இருக்குதுல்ல? இன்னா இப்போ? சொம்ப எடு, கூழு ஆறுது."