சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வாசல்

கட்டட அனுமதி அலுவலகத்தின் மரப்பெஞ்சில் அந்தத் தையல்காரி வந்து உட்கார்ந்தால் அன்று வெள்ளிக்கிழமை என்று அர்த்தம். தட்டச்சு செய்யும் அக்கா அவளைப் பார்த்துத்தான் தேதியே போடுவாள். காத்திருக்கும் நேரத்தில் தையல்காரியின் கை சும்மா இருக்காது. துணிப்பையிலிருந்து யாருடைய சட்டையையாவது எடுத்துப் பொத்தான் வைப்பாள், நூல் பிசிறு வெட்டுவாள். பாவம், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே பாதி ஊருக்குப் பொத்தான் தைத்துவிட்டாள்.

அவள் கேட்டது மாளிகை இல்லை. அவள் புருஷன் மின்கம்பத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வீடோ உயரமான படிகளுக்கு மேலே இருந்தது. கழிப்பறை கீழே, தோட்டத்துக் கோடியில். காலையில் பக்கத்து வீட்டு இறைச்சிக் கடைக்காரர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் பிடித்துச் சக்கர நாற்காலியோடு அவரைக் கீழே இறக்குவார்கள். மாலையில் ஏற்றுவார்கள். வீட்டை ஒட்டித் தரையோடு தரையாக ஓர் அறை, அதற்குள்ளேயே ஒரு கழிப்பறை. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. மழைக்கு முன்னால் என்றால் கட்டித் தருவதாகக் கொத்தனார் சொல்லியிருந்தார். கழிவுத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் போதிய தூரம் இருக்கிறதா என்று ஆய்வாளர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் இத்தனை வெள்ளிக்கிழமைகள்.

"சார், இந்த வாரமாவது வருவீங்களா?"

"ஜீப்பு பட்டறையில கெடக்கும்மா. வந்ததும் மொத ஆளா உங்க வீட்டுக்குத்தான்."

"போன வாரமும் நான்தான் சார் மொத ஆளு."

தட்டச்சு அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "மொத ஆளா இருக்கறதுல அவங்களுக்குப் போட்டியே கெடையாது சார்."

ஆய்வாளருக்கு ஊரில் 'அடுத்த வாரம்' என்று பெயர். 'அடுத்த வாரம் சீட்டுல இருக்காரா?' என்றுதான் கேட்பார்கள். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். இத்தனை வருட வேலையில் யாரிடமும் கை நீட்டாத மனிதர். ஒப்பந்தக்காரர்கள் கார் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார். போன இடத்தில் ஒரு வாய்த் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுபோவார். போனால் அலுவலக ஜீப்பில்தான் போவது என்று ஒரு விரதம். ஆனால் அந்த ஜீப்புக்கு விரதம் ஒன்றும் கிடையாது. இந்த மாதம் கியர், அடுத்த மாதம் பிரேக் என்று அது பாட்டுக்குப் பட்டறையே கதியென்று கிடந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வண்டி இருக்கு சார். அனுப்பச் சொல்லட்டுமா?" என்றாள் தையல்காரி.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பேச்சே வேணாம். மனு போட்டவங்க வண்டியில நான் ஏறுனதும் இல்ல, ஏறப்போறதும் இல்ல. இது சுத்தமான கைம்மா."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"உங்கள நான் தப்பாச் சொல்லல சார். நான் வாராவாரம் இங்க பஸ்லதான் வர்றேன். அந்த பஸ்ஸு எங்க தெரு முனையிலதான் நிக்குது."

தட்டச்சுச் சத்தம் நின்றது. அவள் சட்டைகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை அவர் பஸ் ஏறினார். தோளில் பை, பைக்குள் அளவு நாடாவும் பிளாஸ்க்கும். இறங்கிய இடத்திலிருந்து வீடு கூப்பிடு தூரம்தான்.

வீட்டின் பக்கவாட்டில், வரப்போகும் அறையைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு வைத்திருந்தாள். ஆய்வுக்கு வருபவர்கள் பார்ப்பதற்காக எல்லாரும் போடுவதுதான். எங்கேயும் அது காற்றில் பறந்து, கோழி கிளறி, பாதி காணாமல் போயிருக்கும். இங்கே அன்று காலையில் போட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. நடுவில் சக்கர நாற்காலியில் புருஷன்காரர் உட்கார்ந்து கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் நாடாவை எடுத்தபடியே கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார்.

"சார், சார்! பாத்து! அது சுவரு" என்றார் நாற்காலிக்காரர். "வாசல் இந்தப் பக்கம்."

வேடிக்கையாக்கும் என்று ஆய்வாளர் சிரித்தார். பிறகுதான் பார்த்தார். கோட்டில் ஒரு பக்கம் கதவகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தது. மண்ணில் சக்கரத் தடமெல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் போய் வந்திருந்தது. வேறெங்கும் ஒரு தடம்கூட இல்லை. அதற்குள் தையல்காரி துண்டோடு வந்தாள். நேராக வந்தால் நாலு எட்டு. அவள் கோட்டைச் சுற்றிக்கொண்டு போய் வாசல் வழியாக உள்ளே வந்தாள். அதை அவள் யோசித்துச் செய்ததாகக்கூடத் தெரியவில்லை.

"காலையில எறக்கி விட்டா பொழுது சாயற வரைக்கும் எனக்கு இதான் சார் ரூமு" என்றார் அவர். "மொதல்ல வெளையாட்டுக்குத்தான் ஆரம்பிச்சோம். இப்ப இவ மறந்துகூடச் சுவரத் தாண்ட மாட்டா. தூறல் போட்டா அழிஞ்சிரும், மறுநாள் எழுந்து திரும்பப் போட்டுருவா. நேத்து ஒரு பூனை சுவத்துல பூந்து வந்துச்சு, அதுக்கு விழுந்த திட்டு இருக்கே!"

"எல்லாத்தையும் சொல்லியாகணுமாக்கும்" என்றாள் அவள்.

ஆய்வாளர் காலைப் பின்னுக்கு இழுத்தார். சுற்றிப் போய் வாசல் வழியாக உள்ளே வந்தார்.

கிணற்றுக்கும் தொட்டிக்கும் தாராளமாகவே தூரம் இருந்தது. ஒரு குறையும் இல்லை. பார்த்து முடிக்க ஒரு சட்டைக்குப் பொத்தான் வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"நாளைக்கே வேலைய ஆரம்பிக்கலாம்மா."

அவள் அதை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கொத்தனாரு போன வாரமே வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டாரு சார். இனிமே மழை முடிஞ்சுதான் வருவாரு."

"வேற ஆளு?"

"மழைக்கு முன்னாடி எந்தக் கொத்தனாரு சார் சும்மா இருப்பாரு?"

"போன மழைக்கு ஈரப்படியில மூணு பேருமாச் சேந்து விழுந்தோம் சார்" என்றார் நாற்காலிக்காரர். "நான் இறைச்சிக் கடைக்காரர் மேல விழுந்தேன். எனக்கு மெத்து மெத்துன்னு இருந்துச்சு, அவருக்குத்தான் அடி." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க எங்கயும் எதுவும் குடிக்க மாட்டீங்கன்னு தெரியும் சார். அதான் டீ போடல" என்றாள்.

அன்றைக்கு ஒரு வாய்த் தேநீருக்கு அவர் ஏங்கிப் போனார்.

வானம் கறுத்து, தூறல் விழத் தொடங்கியது. சுண்ணாம்புக் கோடு கண்ணெதிரே கரைந்தது. இறைச்சிக்காரர் கடையில் இருந்தார். ஆய்வாளர் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"மெதுவா சார், மேல் படி ஆடும்" என்றாள் அவள்.

படி ஏறி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த வீட்டுக்கு அவர் வாய் கூசாமல் சொன்ன ஒவ்வொரு 'அடுத்த வார'த்துக்கும் இவ்வளவு கனம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் பெஞ்சில் ஒரு சைக்கிள் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை.

"ஜீப்பு வரல சார். இவருக்கும் அடுத்த வாரம்னு சொல்லிரவா?" என்றாள் தட்டச்சு அக்கா.

"வேணாங்க்கா." அவர் குடையை எடுத்தார். "லஞ்சம் வாங்கலேன்னா போதும், கை சுத்தம்னு இத்தன நாளா நெனச்சிட்டேன். செய்ய வேண்டிய வேலையத் தள்ளிப் போடறதும் அடுத்தவங்ககிட்டப் புடுங்கறதுதான். காசா வாங்கியிருந்தாலாவது திருப்பிக் குடுத்துறலாம். ஒரு மழைக்காலத்த எங்கருந்துக்கா கொண்டுபோய்க் குடுப்பேன்?"

அவர் பெஞ்சின் பக்கம் திரும்பினார்.

"வாங்கய்யா, உங்க எடத்தப் பாத்துட்டு வந்துருவோம். பஸ்ல போலாம். எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்துறாதீங்க, அத நானே எடுத்துக்கறேன்."